வெற்று வைக்கோல்

இரண்டு மாதத்துக்குக் கட்டிய பணம்.
மூன்றாம் நாளே மகன் கால்பந்துக்கு மாறிக்கொண்டான்.
திருப்பித் தருவார்களா என்று கேட்கத்தான்
மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் போனேன்.
"தர மாட்டாங்கக்கா. நீங்களே வாங்களேன்" என்றாள் அஃப்ரின்.
பயிற்சியாளர். வயது இருபத்துமூன்று.
அவள் அக்காவின் நிக்காவுக்கு ரவிக்கை தைத்தவள் நான்.
கைக்குழி பிடிக்கிறதென்று திரும்பி வந்த ரவிக்கை.
இருவரும் அதைப் பேசவில்லை.

முதலில் கண்ணைச் சோதித்தாள்.
நீட்டிய இரண்டு கைக்கு நடுவே சின்னச் சந்து,
அதற்குள் தூரத்து விளக்குக் கம்பம்.
வலக்கண்ணை மூடினேன். கம்பம் இருந்தது.
இடக்கண்ணை மூடினேன். கம்பத்தைக் காணோம்.
"இடக்கண்ணுதான் உங்களுக்கு எஜமான்.
இடது கையால இழுக்கணும்."

இருபத்தாறு வருஷமாய்
வலது கையால் கத்தரி பிடித்தவளிடம்.
இத்தனை ஊசியிலும் நூல் கோத்தது
எந்தக் கண் என்று
அதுவரை கேட்டுக்கொண்டதில்லை.

முதல் வாரம் அம்பே கிடையாது, வில்லும் கிடையாது.
ஒரு ரப்பர் பட்டை.
இழு. நில். மெதுவாகத் திரும்பு.
இடது கை, புதிதாகச் சேர்ந்த வேலைக்காரன் மாதிரி
எதையும் இரண்டு முறை கேட்டது.

திருப்பாப்புலியூரில் பாதிப் பேர் தோள் எனக்குத் தெரியும்.
எதிரே யாராவது வந்தால்
முகத்துக்கு முன்னால் அளவு வரும்:
பதினாலரை, வலப்பக்கம் கால் இஞ்சு இறக்கம்.
என் தோள் காதுவரை ஏறி நிற்பதை மட்டும்
அஃப்ரின் விரல் வைத்துத்தான் சொன்னாள்.
"கையால இழுக்காதீங்க. முதுகால இழுங்க."
முதுகு
நான் பானைக்கழுத்து வெட்டிக் கயிறு தொங்கவிடும் இடம்.
அது இழுக்கும் என்பது செய்தி.

அப்புறம் வில். மூன்று மீட்டரில் வைக்கோல் கட்டு.
வட்டம் இல்லை, மஞ்சள் இல்லை, ஒன்றுமில்லை.
"எங்க அடிக்கணும்?"
"எங்கயும் அடிக்க வேணாம். கண்ணை மூடிக்கோங்க."

நாண் மூக்கு நுனியைத் தொட வேண்டுமாம்.
மூக்குத்தியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்தேன்.
கல்யாணத்துக்குப் பின் முதல் முறை.
அந்தச் சின்ன ஓட்டையில்
தேவனாம்பட்டினத்துக் காற்று நுழைந்து குளிர்ந்தது.
கழுத்து நாணைத் தேடிப் போகக் கூடாது,
நாண்தான் வரணும் என்றாள்.
என் கழுத்து எதையும் தேடிப் போகிற கழுத்து,
மிஷினை, கிழிந்த விளிம்பை, விழுந்த பொத்தானை.

விரலைப் பிரிக்காதே, பிடிப்பை மறந்துவிடு.
இதுதான் ஆகவே இல்லை.
மறக்கணும் மறக்கணும் என்று நினைத்து
நாண் முழங்கைக்குள் சுளீரென்று அறைந்தது.
பழுத்த நாவல் நிறத்தில் ஒரு விரற்கடை.
கடைக்கு வந்த பெண்கள் பார்த்துவிட்டு
அளவை மட்டும் சொல்லி
மெல்ல என் வீட்டுக்காரரைப் பற்றி விசாரித்தார்கள்.
"வில்லு" என்றேன். யாரும் நம்பவில்லை.

ஆறாம் வாரம், ஒரு செவ்வாய்.
சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பி
அழுகிய முட்டைக்கோஸ் வாடை மைதானம் முழுக்க.
மூச்சை முழுதாய் இழுக்க மனமில்லாமல்
பாதி மூச்சில் நின்றேன்.
எப்போது போனதென்று தெரியாது.
வைக்கோலில் ஒரு "தொப்".
கை தானாகக் காதுக்குப் பின்னால் போயிருந்தது.
அஃப்ரின் ஒன்றும் சொல்லவில்லை.
போனிலிருந்து ஒருமுறை நிமிர்ந்தாள்.

மறுநாள் கடையில் டேப்பை எடுத்தால்
அந்த நெய்வேலி டீச்சர் தோளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.
எல்லோரும் அப்படித்தான் நின்றிருக்கிறார்கள்,
டேப் தொட்டதும் விறைத்து.
இருபத்தாறு வருஷம் விறைப்பையே அளந்து தைத்திருக்கிறேன்.
"மூச்சை விடுங்க டீச்சர்" என்றேன்.
முக்கால் இஞ்சு இறங்கியது.
அஃப்ரின் அக்கா வீட்டுக்குப் போன் போடலாமா
என்று நினைத்தேன். போடவில்லை.

நேற்றுதான் வட்டத்தாள் ஒட்டினாள். பத்து மீட்டர்.
மஞ்சளைக் கண்டதும்
தோள் ஏறியது, கழுத்து ஓடியது, விரல் பிடுங்கியது.
ஆறு அம்பில் நாலு தாளில்,
ஒன்று வைக்கோலில்,
ஒன்று எங்கோ.

விழுந்த ஊசியென்றால் காந்தம் போதும்.
இது புல்லுக்கு அடியில் படுக்கையாய் நுழைந்துவிடுமாம்.
செருப்பைக் கழற்றிவிட்டு
வெறுங்காலால் தடவித் தடவி நடக்கிறோம்,
அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
இருட்டிவிட்டது. கெடிலம் பாலத்தில் பஸ் விளக்குகள்.
"இங்க ஒண்ணு" என்கிறாள்.
எடுத்துப் பார்த்தால் துருப்பிடித்த முனை, வேறு நிற இறகு,
யாரோ எப்போதோ தவறவிட்டது.
அதையும் என் அம்பறாவில் போட்டுக்கொண்டு
இன்னும் தேடுகிறோம்.